அச்சாரம் வாங்காத நெல்

ஷ்ரேயஸ் துபாய்க்கு விமானம் ஏறியது ஒரு வியாழக்கிழமை. அதே வியாழக்கிழமை காலையில்தான் மரியம்மாளின் வயலில் அரிவாள் இறங்கியது. நெல்லை ஏற்ற வண்டி எப்போது வரும் என்று கேட்க அவனுக்கு நாலு தடவை போன் போட்டாள். நாலு தடவையும் அணைந்து கிடந்தது. மறுநாள் கணவர் ஆரோக்கியசாமியை, புனே விமான் நகரில் இருந்த அவன் கடைக்கு விரட்டினாள்.

"கடை ஷட்டர் இறங்கிக் கெடக்கு. பையன் நேத்தே பிளேன் ஏறிட்டானாம். பக்கத்து சலூன்காரர் சொன்னாரு" என்றார் அவர், திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அவன் போனா போறான். என் நெல்லு எங்க போவும்?"

ஆரோக்கியசாமி ராணுவத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். வீடு தேஹு ரோட்டில். மரியம்மாள் திண்டிவனத்துப் பக்கத்தில் சேற்றில் நின்று வளர்ந்தவள். சும்மா உட்காரத் தெரியாது. மகாராஷ்டிரத்தில் விவசாயியாக இல்லாதவர்கள் வயல் வாங்க முடியாது என்பதால், காம்ஷேட் பக்கம் அம்ருதா என்ற மராட்டிக்காரியின் இரண்டு ஏக்கரை ஆறு வருஷமாகப் பாதிக்குப் பாதி வாரத்துக்கு உழுதுவந்தாள். அம்ருதா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "எந்த நெல்லையும் போடு. என் பாதி மட்டும் இந்திராயணிக் கணக்கில் வரணும். குறைஞ்சா அடுத்த வருஷம் வேற ஆள்."

இந்திராயணி நெல் ஏக்கருக்குப் பதினெட்டு குவிண்டால் தரும். மில்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். ஆம்பேமோஹர் அப்படியில்லை. மாம்பூ வாசனை என்று பெயரிலேயே இருக்கிறது, ஆனால் விளைவது பாதிதான். உரம் கொஞ்சம் கூடினாலும் ஒரு காற்றுக்குப் படுத்துவிடும். இரண்டு மடங்குக்கு மேல் விலை வந்தால்தான் கட்டும். இதெல்லாம் மரியம்மாளுக்கு விரல் நுனியில் இருந்தது.

ஆனாலும் விதைப்புக்கு முன், ஜூன் மாதம் ஷ்ரேயஸ் வந்து வரப்பில் நின்றான். இயற்கை அங்காடி வைத்திருந்த புனேத் தமிழ்ப் பையன். முந்தின வருஷம் அவளிடம் நாலு மூட்டை வாங்கியவன்.

"இந்திராயணி எல்லார்கிட்டயும் இருக்கு ஆன்ட்டி. நீங்க ஆம்பேமோஹர் போடுங்க. என் கஸ்டமர்ஸ் மூணு மடங்கு குடுப்பாங்க."

"பாதிதான்பா விளையும். அத்தனையும் நீயே எடுத்துப்பியா?"

"பாத்துக்கலாம் ஆன்ட்டி."

இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகம். நான் இருக்கிறேன், கவலை வேண்டாம் என்பது ஒன்று. அப்போதைக்கு வரட்டும், யோசிப்போம் என்பது இன்னொன்று. மரியம்மாள் முதலாவதைக் கையில் வாங்கிக்கொண்டாள். மராட்டி வியாபாரி என்றால் அச்சாரம் வாங்காமல் விதையை நனைத்திருக்க மாட்டாள். இவன் தமிழில் பேசிவிட்டானே!

இரண்டு ஏக்கரிலும் சேர்த்துப் பதினேழு குவிண்டால் விளைந்தது. மில்காரன் நாலு நெல்லை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தான். மூக்குக்குத் தெரிந்துவிட்டது, முகம் ஒரு கணம் மலர்ந்தது. வாய் மட்டும் இந்திராயணி விலையைச் சொன்னது.

"எல்லாரும் இந்திராயணிய பாலிஷ் போட்டு ஆம்பேமோஹர்னுதான் விக்கிறான் மாவ்ஷி. உன்னுது அசல்னு நான் எப்படி நம்புறது?"

நம்பாதவன் பதினைந்தே நாளில் அதே அரிசியை "அசல் ஆம்பேமோஹர்" என்று அச்சடித்த பையில் போட்டு மூன்று மடங்குக்கு விற்றான். கடையில் அந்தப் பையைப் பார்த்தபோது மரியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அம்ருதாவின் பாதி பதினெட்டு குவிண்டால். விளைந்ததே பதினேழு. மில் பணம் முழுவதையும் கொடுத்து, குறைந்த ஒன்றுக்கு ஆரோக்கியசாமியின் பென்ஷனையும் சேர்த்துக் கொடுத்துத்தான் நிலத்தைத் தக்கவைத்தாள். நாற்று நட்ட கூலி, களை எடுத்த கூலி, அவள் முதுகு, எல்லாம் காற்றோடு போயிற்று.

"இசார் வாங்கலையா?" என்று அச்சாரத்தைக் கேட்டாள் அம்ருதா.

"எங்க ஊர்க்காரப் பையன்னு விட்டுட்டேன் தாயி."

"என் கூடப்பொறந்தவனுக்கே நான் இசார் இல்லாம வெங்காயம் குடுக்கமாட்டேன்!" அம்ருதா சிரித்தே விட்டாள்.

அந்தச் சிரிப்பை மரியம்மாள் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் ஆரோக்கியசாமி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பாவம், அவனுக்குத் தமிழே அரைகுறை. என்ன சொல்றோம்னு தெரியாம சொல்லியிருப்பான்."

"ஆசை காட்டும்போது மட்டும் தமிழு தேனா ஒழுகுச்சே! கிளம்புறேன்னு சொல்றதுக்குத்தான் வரலையா?"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில், வானவடிப் பக்கமிருந்து பூசைக்கு வருகிற கீர்த்தி பெருமூச்சு விட்டாள். "நல்ல வாசனை அரிசியெல்லாம் இப்ப யாருமே போடறதில்ல அத்தே. எல்லாருக்கும் பணத்தாசை."

"ஆமாம்மா. உனக்கு வாசனை வேணும், எனக்குச் சோறு வேணும். ரெண்டும் ஒரே வயல்ல விளைய மாட்டேங்குது."

கீர்த்தி அதன் பிறகு வேறு வாசல் வழியாகப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஜூன் மாதத்தில், மரியம்மாள் இந்திராயணி விதையைச் சாக்கோடு தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஷ்ரேயஸின் குரல் செய்தி, அவனுக்குத் தமிழ் எழுத வராது. ஈரக்கையாலேயே அழுத்தினாள்.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? துபாய்ல நம்ம ஊர் அரிசிக்கடை ஓப்பன் பண்ணிருக்கேன். இந்த வாட்டி ஆம்பேமோஹர் மட்டும் போடுங்க, ரெண்டு ஏக்கரும். ரேட் பத்தி யோசிக்காதீங்க. பாத்துக்கலாம்."