மெயில் வந்து சேர்வதற்குள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றும் சோடை போகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒரு இடத்தில் புடைத்து நிற்கிறது. தைலம் தேய்க்கும்போதெல்லாம் விரல் அங்கே போய் நின்றுவிடும்.

கல்யாணமாகி வங்காளத்தில் பவானிபூருக்கு வந்தபோது எனக்கென்று இருந்தது மதராஸில் ஒரே ஒரு அண்ணன். ஹவுராவில் ராத்திரி மெயில் வண்டி ஏறினால் மறுநாள் முழுக்க ஓடி, இன்னொரு ராத்திரியும் ஓடி, விடியும்போதுதான் மதராஸ். இந்தக் கணக்கை என்னைவிட என் வீட்டுக்காரர் நன்றாக வைத்திருந்தார். குழம்பில் உப்பு கூடினால் பூரிக்கட்டை. சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால் பூரிக்கட்டை. முகத்தில் அடிக்கமாட்டார், நாலு பேர் பார்ப்பார்களே. புடவை மறைக்கிற காலில்தான் அடி. அடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்வார்: “உங்கண்ணன் மெயில் புடிச்சு வர்றதுக்குள்ள வீக்கம் வத்திடும்டி. வந்து என்னத்தப் பாப்பான்?” அப்படியேதான் ஆனது. ஒரு தடவை அண்ணன் வந்தே வந்தார். கால் மஞ்சளாய்க் கன்றியிருந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை நீட்டிய காபியைக் குடித்துவிட்டு, அனுசரித்துப் போம்மா என்று மெயில் ஏறிவிட்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு பௌதி. அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். மீன் வாசனை ஆகாதென்று அவளை எங்கள் நிலைப்படி தாண்ட விட்டதில்லை அவர். ஒருநாள் குழாயடியில் வங்காளியில் கேட்டாள்: “எப்பப் பாரு கால், கால்னு கத்துறியே, அப்படி நாளைக்கு என்னதான் இருக்கு உனக்கு?” எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் பேச்சில் கால் என்றால் நாளை. ஐயோ கால், கால் என்று நான் அலறியதை, எதையோ நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவதாக நினைத்திருக்கிறாள். புடவையை முழங்கால்வரை தூக்கினேன். இதுதான் கால் என்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கட்டை மறுபடி இறங்குவதற்குள் பௌதி உள்ளே நின்றாள். கையில் மீன் நறுக்கும் அரிவாள்மணை. முழங்கைவரை செதிலும் ரத்தமும். கட்டை பிடித்த மணிக்கட்டை முறுக்கி, அரிவாளை அவர் தொடையில் வைத்து அழுத்தினாள். வேட்டியில் சிவப்புப் பரவியது. மீனுடையதா அவருடையதா, தெரியவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “இன்னொரு தரம் அந்தச் சத்தம் கேட்டா, உனக்குக் கால் கிடையாது.”

நாளை கிடையாது என்றுதான் சொன்னாளா, என்னிடம் கற்ற தமிழ்ச் சொல்லை நடுவில் வைத்தாளா, இன்றுவரை தெரியாது. அவருக்கு இரண்டுமே புரிந்தது. அதற்கப்புறமும் கை ஓங்குவார். ஓங்கியவர் சுவரைப் பார்ப்பார், இறக்கிவிடுவார். சாகும்வரை அப்படித்தான்.

தை மாதம் பேத்திக்குக் கல்யாணம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள் சென்னைக்கு வாழப் போகிறாள். பிளேனில் இரண்டரை மணிதானே பாட்டி என்று சிரிக்கிறாள். இருக்கட்டும். போன அன்றே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளோடு பேசிப் பழகு என்கிறேன். அடி விழுந்தால் உனக்கு வங்காளிதான் வாயில் வரும். அவளுக்கு அது விளங்க வேண்டும்.

இந்தா, எழுதினதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. கையை இங்கே, இந்தப் புடைப்பில் வைத்துக்கொள். கால் என்று வருகிற இடத்தில் அவசரப்படாதே கண்ணு. தமிழில் படி.