மெய் அக்காவின் தமிழ்

போன வாரம் சீனாவிலிருந்து என் மகள் வீடியோ காலில் வந்தாள். வேலை மாற்றலாகி குவாங்சோ நகரத்துக்குப் போய் அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இன்னிக்கு போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வந்தேம்மா" என்றாள், ஏதோ காய்கறிக் கடைக்குப் போய்வந்த மாதிரி.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலம்மா. வெளிநாட்டுக்காரங்க குடிவந்தா போய்ப் பதிவு பண்ணணும். பாஸ்போர்ட்டைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, பேப்பரைக் குடுத்துட்டாரு. அவ்ளோதான்."

அவ்வளவுதானா? அவள் போனை வைத்த பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரி ஒரு பேப்பருக்காக, மெய் அக்காவின் பக்கத்தில் பெஞ்சு நுனியில் நானும் ஒருநாள் காத்திருந்திருக்கிறேன்.

எழுபத்தெட்டில் கல்யாணமாகி, புதுச்சேரியில் சாரத்துக்குக் குடிவந்தேன். கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒரே கிணறு, இரண்டு வீடு. அடுத்த வீட்டில் மெய் அக்காவும் அவர் கணவர் இருதயராஜ் அண்ணனும்.

அண்ணன் நம்மூர்க்காரர். இளவயதிலேயே சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அக்கா அங்கேயே பிறந்த சீனப் பெண். எழுபத்தைந்தில் சண்டை முடிந்து ஊர் கைமாறி, அந்த அரசாங்கமே இல்லாமல் போனதும், ஆளுக்கொரு பெட்டியோடு இருவரும் புதுச்சேரி வந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை.

பகலெல்லாம் அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். அப்படியானால் அக்காவுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது யார்? கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்கார அஞ்சலை!

விளைவைக் கேளுங்கள். 'வணக்கம்' தெரியும் முன்பே அக்காவுக்கு 'செவுளைக் காட்டு' தெரிந்துவிட்டது. மரியாதை என்று தமிழில் தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. ஹவுஸ் ஓனர் வந்தால் "வா, குந்து" என்பார். கிளினிக்கில் டாக்டரையே, "இன்னாய்யா, மூஞ்சி வாடிக் கெடக்குது... சோறு துன்னியா?" என்று விசாரித்தார். அந்த டாக்டர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

"நான் திருத்தலாம்தாம்மா" என்றார் அண்ணன் என்னிடம். "திருத்துனா கூச்சப்பட்டுக்கிட்டு பேச்சையே நிறுத்திடுவா. பேசட்டும்."

வீட்டுக்குள் அவர்கள் இருவரும் சீன மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். சண்டையா, கொஞ்சலா என்று நான் கண்டுபிடிப்பதற்குள் இருவரும் சிரித்துவிடுவார்கள்.

எண்பத்தொன்றில் அண்ணன் போய்விட்டார். காலையில் வேலைக்குக் கிளம்ப சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

வருஷா வருஷம் அக்கா இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க அண்ணன்தான் கூட்டிப்போவார். அந்த வருஷம் வெளிநாட்டவர் பதிவு ஆபீஸுக்கு நான் கூடப் போனேன். மனுவை நானே டைப் அடித்திருந்தேன். மேஜைக்குப் பின்னால் புதிதாக வந்த அதிகாரி. அக்காவின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நாடே இப்ப இல்லியேம்மா" என்றார். "புருஷன் இந்தியர்ங்கறதால இதுவரைக்கும் ஓடிச்சு. இப்ப அவரும் இல்ல. இவங்க எந்த நாட்டு ஆளுன்னு நான் எழுதறது?"

பாஸ்போர்ட் கொடுத்த நாடு இல்லை. கூட்டிவந்த மனிதர் இல்லை. இப்படி ஒருத்தியை எங்கேதான் அனுப்புவார்கள்? அக்காவின் விரல்கள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தன.

அதிகாரி நல்ல மனிதர்தான். "நல்லாத் தெரிஞ்ச உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர் வந்து எழுதிக் குடுக்கட்டும். மேலிடத்துக்கு அனுப்பறேன்" என்றார்.

ஒருத்தி நான். இன்னொருவர்? தெருவில் படித்தவர்கள் இருவரைக் கேட்டேன். அதிகாரி, வெளிநாடு என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும் இருவருக்குமே அந்த வாரம் பார்த்து வெளியூரில் வேலை வந்துவிட்டது.

மறுநாள் அஞ்சலை வந்து கூடையை இறக்கினாள். அக்கா விஷயத்தைச் சொல்லி அழுதார். அஞ்சலை முழுதாகக்கூடக் கேட்கவில்லை. கூடையைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு, "எங்க இருக்குது அந்த ஆபீசு? வா, போவலாம்" என்று கிளம்பிவிட்டாள். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

அதிகாரி அஞ்சலையை விசாரித்தார். "இவங்க உனக்கு என்ன வேணும்?"

"எங்கிட்ட மீனு வாங்குது சார்."

"இவங்க வெளிநாட்டுக்காரங்கன்னு தெரியுமா?"

அஞ்சலைக்கு நிஜமாகவே குழப்பம். "வெளிநாடா? சாரத்துலதான சார் இருக்குது!"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அக்கா எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் சொன்னார்: "எம்புருசன இந்த ஊர்லதான் பொதச்சிருக்கேன். நானு எங்கடா போவேன்?"

அறையில் டைப்ரைட்டர் சத்தம் நின்றுபோனது. ஓர் அதிகாரியை, அவர் ஆபீஸிலேயே, 'டா' போட்டு... நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அஞ்சலையின் கைநாட்டை வாங்கிக்கொண்டார். பதில் வரும்வரை அக்கா இங்கேயே இருக்கலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். பதில் வர இரண்டு வருஷம் ஆயிற்று. இருக்கலாம் என்றுதான் வந்தது!

வாசலுக்கு வந்த பிறகுதான் அஞ்சலைக்கு உறைத்தது. "ஐயோ, எம்மீனு!" அன்று எங்கள் தெருப் பூனைகளுக்கு நல்ல விருந்து.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த ஆபீஸுக்குப் போய்வந்து ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வேல இருக்குதா?"

"இல்லக்கா, வாங்க."

"நானு எம்பாஷ பேசணும். அவரு போனதுலேந்து பேசல. இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது" என்றார். "நீ சும்மா குந்து. பதிலு வாணாம்."

நான் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி... பிறகு கையை ஆட்டி, யாரையோ போலப் பேசிக்காட்டி, தானே சிரித்து. நடுநடுவே 'இருதயா' என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.

அந்த மொழியில் அவர் குரலே வேறாக இருந்தது. நிதானமாக, பதவிசாக, நன்றாக வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் குரல். அவருடைய தமிழைக் கேட்டுக் கேட்டு நாங்களெல்லாம் சிரித்திருக்கிறோமே... மூன்று வருஷம் அடுத்த வீட்டில் இருந்தவரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம்" கொட்டினேன். அவர் இன்னும் வேகமாகப் பேசினார்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். நாங்கள் கருவடிக்குப்பத்துக்கு வீடு மாறிப்போன பிறகும், பஸ் பிடித்து வந்தார்.

இத்தனை வருஷம் கேட்டும் எனக்குச் சீன மொழியில் ஒரு வார்த்தை வராது. எங்கே 'ம்' கொட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.