சாக்கு சுற்றிய இரு சக்கரங்கள்

என் தம்பியைக் கொன்றது மழை என்று எங்கள் குடும்பத்தில் இருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதை மறுக்கக் கூடியவர் இருவர் இருந்தனர். ஒருவர் அவனுக்கு வண்டி விற்ற பட்டறைக்காரர், சென்ற ஆண்டு மறைந்துவிட்டார். மற்றவன் நான். ஆகவே, என் நினைவு தெளிவாக இருக்கும்போதே இதனை எழுதி வைக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். செங்கல்பட்டில் நான் தமிழாசிரியன். தம்பியும் அவன் மனைவியும் என்னுடன் ஒரே வீட்டில் இருந்தனர். அவனுக்குக் கேளம்பாக்கத்தில் அடுக்ககம் கட்டும் நிறுவனமொன்றில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. திருப்போரூர் வழியாக நாள்தோறும் போய்வர வேண்டும். பாதி வழி புதுத் தார். மீதி வழி, சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்ட மண்ணும் சல்லியும். பேருந்தை நம்பி இருமுறை காலந்தாழ்ந்து ஏச்சு வாங்கியபின், வண்டி வாங்குவதென்று முடிவு செய்தான். தந்தை இல்லாத வீட்டில் என் சொல்லே முடிவு என்பதால், தேர்ந்தெடுக்க என்னையும் அழைத்துப் போனான்.

மூன்று வண்டிகள் பார்த்தோம். முதலாவது ஸ்கூட்டர், அதன் சிறு சக்கரங்கள் கேளம்பாக்கத்துப் பள்ளங்களுக்குத் தாங்கா. இரண்டாவது கனத்த உந்துருளி. நெரிசலில் அதைத் திருப்பவே தனி வலிமை வேண்டும். மூன்றாவது, புறவழிச்சாலையருகே ஒரு பட்டறையில் நின்றது. மண்பாதைக்கென்று உயரமாகவும் மெலிதாகவும் செய்யப்பட்டது. பட்டறைக்காரர் அதன் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சற்றே சிறியவற்றில் தார்ச்சாலைக்குரிய அகன்ற டயர்களை மாட்டியிருந்தார்.

"இன்னா சார், ஆட்டுக்குட்டிக்கு ஒட்டகக் கால வெச்சா மாதிரி கீதேன்னு பாக்கறியா?" என்றார் அவர். "வெய்ட்டே இல்ல சார். பள்ளம் வந்தா தாண்டும், டிராபிக்குல நெளிஞ்சு பூடும். அண்ணாத்த காலுக்கு அளவெடுத்துத் தெச்சா மாதிரி கீது, பாரு."

தம்பி ஒரு சுற்றுப் போய்வந்து இறங்கினான். "இதுதாண்ணா. வேற எதையும் பாக்க வேணாம்."

நான் பதிவுப் புத்தகத்தையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் கேட்டு வாங்கினேன். கையேட்டிலிருந்த சக்கர அளவு ஒன்று; கண்ணெதிரே இருந்த அளவு வேறொன்று.

"எழுதினபடி இல்லாத வண்டிய எப்படி ரோட்டுல ஓட்டறது? பேர் மாத்தி புத்தகம் கைக்கு வரட்டும். அப்புறம் இதுக்கு ஒப்புதல் கேட்டு வாங்கிக்கலாம். அதுவரைக்கும் பழைய சக்கரத்தையே மாட்டுங்க" என்றேன்.

"சார், அது மண்ணுல போற டயரு. கட்ட கட்டயா கீது பாரு. அதுவும் கெழட்டு ரப்பரு. தார்ல தண்ணி நின்னுச்சுன்னா சோப்பு மேல நடக்கறா மாதிரி."

"கொஞ்ச நாள்தானே."

"உன் இஷ்டம் சார். பரிச்ச பேப்பரு திருத்தறா மாதிரி வண்டியயே திருத்தறியே!"

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன்.

கழற்றிய நல்ல சக்கரங்கள் இரண்டும் சாக்கில் சுற்றப்பட்டு என் நூலறைச் சுவரோரம் சாய்ந்தன. முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் மனைவியை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்வந்தான். "இதுல ஏற ஒரு ஏணி வாங்கிக் குடுங்க மாமா" என்று அவள் என்னிடம் முறையிட்டாள்.

கட்டை டயர்கள் தார்மேல் உருளும்போது ஒருவகை முரலல் எழும். காலை ஏழரைக்கு அவன் புறப்பட்டால், ஏரிக்கரைத் திருப்பம்வரை அது கேட்டுக்கொண்டேயிருந்து மெல்லத் தேய்ந்து மறையும்.

ஐப்பசி பிறந்தது. போக்குவரத்து அலுவலகத்திற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிவந்த அன்று அவன் சொன்னான்: "அண்ணா, அங்க யாரும் சக்கரத்தப் பாக்கவே இல்ல. அடிச்சட்டத்துல கீற நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சிலால தேச்சு எடுத்துக்கினாங்க, அவ்ளோதான். மாத்திரட்டா?"

"புத்தகம் கைக்கு வரட்டும்."

"மழ புடிச்சிடுச்சேண்ணா."

"மெதுவா போ."

அவனுக்கு நான் அளித்த காப்பு அவ்விரு சொற்களே. எட்டாம் நாள் காலை, திருப்போரூருக்கு முன்னுள்ள வளைவில், வண்டி சறுக்கிச் சிறுபாலத்தின் சுவரில் மோதியது. எதிரே எதுவும் வரவில்லை. பின்னால் வந்த பால்காரர் என்னிடம் சொன்னார்: "ஸ்பீடே இல்ல சார். மெதுவாத்தான் போய்கினு இருந்தாரு. லேசா பிரேக்கத் தொட்டாரு, அவ்ளோதான்." என் சொல்லை அவன் கேட்டு நடந்திருக்கிறான்.

கருமாதிக்கு மறுநாள் பதிவுப் புத்தகம் அஞ்சலில் வந்தது. பழக்கத்தினால் அவன் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை ஏதுமில்லை.

சில திங்கள் கழித்து, நூலறையைப் பெருக்க வந்த தம்பியின் மனைவி சாக்கை விலக்கிப் பார்த்தாள். "மாமா, இந்தச் சக்கரம் ரெண்டும் யாருது?"

"பட்டறைக்காரர் வெச்சுட்டுப் போனதும்மா."

அவள் சாக்கைப் பழையபடி போர்த்திவிட்டுப் போனாள். மீண்டும் கேட்கவில்லை. ஒவ்வோர் ஐப்பசியிலும், "பாழாப்போன மழ" என்று அவள் சொல்லும்போது நான் தலையசைக்கிறேன்.

அச்சக்கரங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. ரப்பர் வெடித்துவிட்டது, ஆயினும் பட்டறையில் அவன் போய்வந்த அந்த ஒரு சுற்றுக்குப்பின் ஓடாதவை ஆதலால் அவற்றின் வரிகள் புதியனபோல் ஆழமாகவே உள்ளன. மழை பெய்யும் காலைகளில் ஏழரை மணியளவில் எனக்கு அந்த முரலல் கேட்கிறது. அந்நாளில் அது தேய்ந்துகொண்டே போகும். இப்போது ஏரிக்கரையிலிருந்து வீட்டை நோக்கி வளர்ந்துகொண்டே வந்து, வாயிலருகே நின்றுவிடுகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு, அவன் இறங்கும் ஓசைக்காகக் காத்திருக்கிறேன். அது மட்டும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரையின் முதற்படியைத் தம்பியின் மனைவியிடம் கொடுக்கப் போகிறேன். அதற்குமுன் ஓர் ஐயம் தீர வேண்டும். நான் அன்று பார்த்தது வண்டியின் கையேட்டை. சட்ட விதிகளை அல்ல. ஒரு சொல்லுக்கு மூன்று அகராதி புரட்டுகிறவன், அதைப் பார்க்க எண்ணவே இல்லை. பின்னர்ப் பார்க்க அஞ்சினேன். சக்கரம் மாற்ற ஒப்புதல் வேண்டும் என்று அன்றைய விதிகள் உண்மையிலேயே சொல்லினவா? அறிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். வழி, நாள், வண்டியின் அமைப்பு ஆகியவற்றில் பிழை கண்டாலும் திருத்துங்கள். ஒப்புதலே தேவையில்லை என்றாலும், என்னைக் கருதி அதை மென்மையாக்க வேண்டா. அவளிடம் சரியானதைச் சொல்ல வேண்டும்.