மாஹிம் வரை ஒரு முகம்

சான்பாடாவில் என் வீட்டுத் தையல் டப்பாவுக்குள் ஒரு சைக்கிள் கம்பி கிடக்கிறது. அதன் நுனியில் கறுப்பு அட்டையில் வெட்டிய சின்ன வட்டம் ஒன்று ஒட்டியிருக்கும். ஊசி தேடி டப்பாவைக் கிளறுகிற என் மகள் ஒவ்வொரு தடவையும் இதை எடுத்து, இதைத் தூக்கிப் போட்டால் என்ன என்று கேட்பாள். முகத்தை வெளுக்க வைக்கிற சாமான் என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. இதை என் கையில் கொடுத்தவள் என் மைனி, என் அண்ணன் மனைவி. கொடுத்த அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய ரகளை.

தாராவியில் அண்ணன் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். முன்னறையும் கேமராவும் அவனுக்கு. பின்னால் சிவப்பு பல்பு எரிகிற இருட்டறை மைனிக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், வந்த கொஞ்ச நாளிலேயே அந்த அறையைத் தன் சமையலறை மாதிரி ஆக்கிக்கொண்டாள். என்லார்ஜர் விளக்கைப் போட்டால் நெகட்டிவ் வழியாக வெளிச்சம் கீழே இருக்கும் பேப்பரில் விழும். எவ்வளவு நேரம் விழுகிறதோ அவ்வளவுக்குப் படம் கறுக்கும். நேரம் குறைந்தால் சோகை பிடித்த படம், கூடினால் கரி. அண்ணன் இதற்கென்று ஒரு டைமர் வாங்கி வைத்தான். மைனி அதைச் சீண்டவேயில்லை. பக்கத்துப் பட்டறையில் மெஷின் ஓடத் தொடங்கினால் எங்கள் பல்பு மங்கும், அது டைமருக்கு எப்படித் தெரியும் என்பாள். அவள் லோக்கல் ரயில் ஸ்டேஷன்களைச் சொல்லித்தான் நேரம் பார்த்தாள். சர்ச்கேட், மரீன் லைன்ஸ், சர்னி ரோடு என்று ஒரே சீராகப் போய், மாஹிம் வந்ததும் விளக்கை அணைப்பாள். நடுவில் பல்பு மங்கினால், "வண்டி சிக்னல்ல நிக்கி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷன்களை இழுத்து இழுத்துச் சொல்வாள். டைப்பிஸ்ட் வேலை முடிந்து வந்து, ஈரப் படங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டபடி நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பம்பாயில் அவள் பாதி ஸ்டேஷன்களில் இறங்கிக்கூடப் பார்த்ததில்லை.

கம்பிக்கு வேலை வருவது பெண்பார்க்கும் படங்களில். "கொஞ்சம் கலரா போடுங்க" என்று கேட்காத தாயோ தகப்பனோ அந்த ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை. விளக்கு எரியும்போது இந்தக் கறுப்பு வட்டத்தை முகத்துக்கு மேலே பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டிருந்தால் அங்கே மட்டும் வெளிச்சம் விழாது. கழுத்தும் கையும் தன் நிறத்தில் இருக்க, முகம் மட்டும் மாவு பூசியதுபோல வரும். அண்ணன் முன்னறையிலிருந்தே குரல் கொடுப்பான்: "இந்தப் பிள்ளைய தாதர்லயே எறக்கிரு." மிச்ச ஸ்டேஷன்களுக்கு முகத்தை மறைத்துவிடு என்று அர்த்தம். மைனியும் அப்படியே செய்துகொண்டுதான் இருந்தாள், என் படம் வருகிற வரைக்கும்.

செம்பூரில் ஒரு நல்ல கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு என் படம் கேட்டிருந்தார்கள். நான் எங்கள் அப்பாவின் நிறம், அதாவது நல்ல கறுப்பு. அம்மா வேப்பமரத்து மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு ஸ்டூடியோவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வழக்கம்போல, "தாதர்" என்றான். உள்ளே மைனி எண்ணுவது எங்களுக்குக் கேட்டது. தாதர் வந்தது. மாட்டுங்கா ரோடு. மாஹிம். கம்பியை எடுக்க வழக்கமாகத் தாதரில் ஒரு நொடி தடைப்படும் குரல் அன்றைக்கு எங்கேயும் நிற்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட அவள் கொண்டுவந்த படத்தில் நான் இருந்தேன், கண்ணாடியில் பார்க்கிற அதே நான்.

"இத எப்படிட்டி குடுக்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு படம் போடச் சொல்லி அண்ணன் கத்தினான்.

மைனி முந்தானையில் கையைத் துடைத்தாள். "என் படத்தையும் எவனோ வெளுக்க வச்சுத்தான் ஒங்களுக்கு அனுப்பினான். தாலி ஏறுன அன்னைக்கு அத்த என்ன சொன்னாவ? 'படத்துல வேற பிள்ளைல்லா'ன்னு சபையில வச்சே சொன்னாவ. நானா ஏமாத்துனேன்? இவளுக்கு அது வேண்டாம். இவ மாஹிம் வரைக்கும் போறவ. நடுவுல எறக்க மாட்டேன்."

அதைச் சொன்ன அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். மைனி திரும்ப உள்ளே போய் இந்தக் கம்பியை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். "நீயே வச்சுக்க. எவ கையிலயும் குடுக்காத" என்றாள். அதற்குப் பிறகு அந்த இருட்டறையில் ஒரு முகமும் தாதரில் இறங்கவில்லை. கலராகப் போடச் சொல்கிறவர்கள் வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அண்ணன் ரொம்ப நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவளும் போய்க் கெஞ்சவில்லை.

செம்பூர்க்காரர்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அழுதேன், மைனிமேல் கோபம்கூட வந்தது. பிறகு அதே படத்தைப் பார்த்து இன்னொரு வீட்டார் வந்தார்கள். என் மாமியாராகப் போகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படத்துல உள்ளபடியே இருக்கா" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் அன்றைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு காப்பித் தட்டை நீட்டினேன். கதவுக்குப் பின்னால் மைனி சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

மைனி போய் ஒரு வருஷமாகிறது. நினைவுநாளுக்குத் தெருவில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று அண்ணன் மகன் போன வாரம் என்னைக் கடைக்கு அழைத்துப்போனான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெள்ளைக்காரி மைனியின் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது யாருலே?"

"அம்மாதான் அத்த. கொஞ்சம் பிரைட் பண்ணிருக்கான். எல்லாரும் பண்ணுறதுதான், பரவால்ல, சல்தா ஹை."

"ஒங்கம்மைக்கு இது சல்தா இல்லலே" என்றேன். என் குரலுக்குக் கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். திரும்பட்டும். "அவ முகத்த அவளுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. இல்லேன்னா நான் இங்கேயிருந்து நகர மாட்டேன்."

கடைக்காரப் பையன் மௌஸைப் பிடித்து மெதுவாக இழுத்தான். திரையில் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. என்னையறியாமல் என் உதடு அசைந்தது. சர்ச்கேட், மரீன் லைன்ஸ். பாதி வழியில் அவன் கையை எடுத்துவிட்டு, "பஸ், ஆன்ட்டி?" என்று, போதுமா என்கிற பாவனையில் கேட்டான். எனக்கு முன்னால் அண்ணன் மகன் வாயைத் திறந்தான். சின்ன வயதில் அந்த இருட்டறைக் கதவுக்கு வெளியே அவள் எண்ணுவதைக் கேட்டே தூங்கி எழுந்தவன்தானே.

"நஹி பாய்" என்றான். "யே தாதர் ஹை. மாஹிம் தக் ஜானே தோ." இது தாதர்தான், மாஹிம் வரைக்கும் போகவிடு என்கிறான்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இழுத்தான். மைனி வந்தாள்.

இப்போது அவள் தாராவியில் எங்கள் தெருமுனையில் தன் நிறத்தில் நிற்கிறாள். கம்பி என் தையல் டப்பாவில்தான் இருக்கிறது. எவள் கையிலும் கொடுக்க மாட்டேன்.