எச்சில் தொட்ட தகரம்

யாராவது விரலில் எச்சில் தொட்டு நோட்டு எண்ணினால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். சீ, என்ன பழக்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உடனே ஞாபகம் வருவது என் கணவரின் அண்ணனுடைய நாக்குதான். வெற்றிலைச் சாற்றில் ஊறிச் சிவந்த, தடித்த நாக்கு.

எண்பதுகளில் அவர் அருப்புக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடையும் மைக் செட்டும் வைத்திருந்தார். நாங்கள் திருச்சுழியில் இருந்தோம். என் மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். சட்டைப் பையில் வைக்கிற காது மிஷினை மாட்டினால் கேட்கும், பேசவும் செய்வாள். ஆனால் அதன் சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். டார்ச் லைட்டின் பெரிய பேட்டரிக் கட்டையைப் போட்டு, ஒரு பெட்டியாக இடுப்பில் கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். நல்ல யோசனை, இல்லையென்று சொல்ல மாட்டேன். பெட்டி செய்யும் அன்று கடை மேசையில் பித்தளைத் தகடு, ஸ்பிரிங், செருகினால் கெட்டியாகப் பிடிக்கிற பின் எல்லாம் கிடந்தன. "பித்தளையே போடுங்க அத்தான், காசு தாரோம்" என்றேன். "அது மைக் செட்டுக்கு வேணும்த்தா. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். செவிட்டுப் பிள்ளைக்குத் தகரம் போதும்" என்று எண்ணெய் டின்னை வெட்டி, கட்டையின் இரண்டு முனையிலும் தொடுகிற மாதிரி இரண்டு துண்டு வைத்தார். ஒயரை வெறுமனே முறுக்கிவிட்டார். சொந்தத் தம்பி மகளைப் பற்றி இப்படிச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் கூசவில்லை.

பிள்ளையின் வியர்வை பட்டுத் தகரம் துருப்பிடித்தது. அந்தச் சமயம் பள்ளிக்கூடச் சேர்க்கைக்குக் கடைசி நாளும் வந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். என் கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்ததால், ஆம்பளைத் துணை என்று அண்ணன்காரர் வந்தார். பள்ளிக்கூட வாசலில் மிஷின் கரகரத்தது. பெட்டியைத் திறந்தார், தகரத்தை நாக்கில் வைத்து நக்கினார், அப்படியே திரும்பச் செருகினார். "ஐயே, என்னத்தான் இது!" என்று பதறினேன். "எச்சி பட்டாத்தேன் கரண்டு நல்லா ஓடும், ஒனக்கென்ன தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் ஓடவும் செய்தது. ஆசிரியை முன்னால் நாங்கள் போய் நின்றதும் மிஷின் நின்றுபோனது.

"உன் பேர் என்னம்மா?" என்று ஆசிரியை கேட்டார். என் மகள் அவருடைய வாயையே பார்த்துச் சிரித்தாள். மறுபடி கேட்டார். மறுபடியும் சிரித்தாள். நான் பெட்டியை எவ்வளவோ திருகிப் பார்த்தேன். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று ஆசிரியை நோட்டை மூடிவிட்டார். வெளியே வந்ததும் இந்த ஆள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, இது தேறாதுன்னு" என்றார். தூ! அந்த வாயைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவரை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேறொரு ரேடியோ கடை. அந்தக் கடைக்காரர் தகரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பித்தளை வைத்து, ஸ்பிரிங் போட்டு, ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு வயிறு எரிந்தது. மிஷினை மாட்டியதும் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, டீச்சர் என்ன கேட்டாங்க?"

"உன் பேரக் கேட்டாகடி."

அவள் நிமிர்ந்து நின்று, அந்தக் கடைக்காரரிடம் தன் பேரைச் சத்தமாகச் சொன்னாள்.