பிடி ஆடிய கத்தி

திருநெல்வேலி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் அந்தக் கத்தியை வாங்கினேன். தொண்ணூற்று நான்காம் வருடம், மார்கழி, சனிக்கிழமை மாலை நாலே முக்கால் மணி. தரையில் சாக்கு விரித்துக் கடை போட்டிருந்தவர், ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்து இரண்டாக அறுத்துக் காட்டினார்.

"எடுங்க அண்ணாச்சி, துருவே பிடிக்காது. பாத்திரக் கடையில போயி இதுக்கு மூணு மடங்கு குடுக்கப் போறீயளா?"

எங்கள் வீட்டில் காகிதம் சமைப்பதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கத்தி என் மனைவிக்காக. முழங்கால் வலி முற்றியதால் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அவள் அரிவாள்மணையில்தான் நறுக்கினாள். அதில் அலகு அசையாமல் நிற்கும்; காயை இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் தள்ள வேண்டும். இருபது வருடப் பழக்கம். இனி மேடை முன்னால் நின்று கத்தியால் நறுக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் பிடி ஆடத் தொடங்கியது. தீக்குச்சியைச் சீவி இடுக்கில் ஆப்பாக அடித்தேன். இரண்டு நாளில் மறுபடியும் ஆடியது. மேலே சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினேன்.

"வேற ஒண்ணு வாங்குங்கன்னு சொல்லுதேன், நீங்க இதுக்கு வைத்தியம் பாக்கீக," என்றாள்.

"இப்ப ஆடலைலா?"

"மழை பெஞ்சா, வெயில் அடிச்சா டைரியில எழுதுதீக. நான் சொல்லுதது மட்டும் காதுல ஏறாதோ?"

அன்றைய பக்கத்தில், 'கத்தி சரிசெய்யப்பட்டது' என்று இருக்கிறது. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு முந்தின நாள் சேனைக்கிழங்கு நறுக்கினாள். கத்தி பாதியில் சிக்கி நின்றுவிட்டது. அதைப் பிடுங்கி, அலகை மேலே திருப்பி, பிடியை மேடை விளிம்போடு அழுத்திக்கொண்டு, இடது கையால் கிழங்கை அதன்மேல் தள்ளியிருக்கிறாள். அரிவாள்மணைப் பழக்கம். பிடி சுழன்றது. நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இடது ஆள்காட்டி விரலில் தசைநார் அறுந்திருந்தது. தையல் போட்டார்கள். காயம் ஆறியது. விரல் அதன்பிறகு மடங்கவில்லை.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விசைப்பலகையைப் பார்க்காமல், பிள்ளைகளோடு பேசிக்கொண்டே அடிப்பாள். ஆறு எழுத்துகள் அந்த ஒரு விரலுக்கு உரியவை. மூன்று மாதம் நடுவிரலால் சமாளித்துப் பார்த்தாள். பள்ளி நடத்தியவர் நல்ல மனிதர், வீட்டுக்கே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, பிள்ளையளுக்கு நீங்க அடிச்சுக் காட்டணும்லா..."

"எனக்கும் தெரியுதுல்லா," என்றாள். சித்திரையோடு நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளே நல்ல கத்தி ஒன்று வாங்கியிருந்தேன். எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடையில்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அதைத் தொட்டதே இல்லை. இன்றுவரை நான்தான் நறுக்குகிறேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தது சமையலறைவரை கேட்டது.

"உங்க வீட்டுல அவுகளே காய் நறுக்கித் தாராகளாமே! இப்படி யாருக்குக் கெடைக்கும்?"

"யாருக்கும் வேண்டாம்க்கா," என்றாள் என் மனைவி.