தட்டிப் பார்த்தவர்

பட்டறையில் அவருக்குப் பெயரே 'காது'தான். வார்ப்பிரும்புச் சக்கரத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். 'ணங்'கென்று இழுத்தால் நல்ல சக்கரம். சாக்பீஸால் ஒரு கோடு. 'டொக்'கென்றால் உள்ளே கீறல், மறுபடி உலைக்குத்தான். மற்ற இரும்பு வளைந்தாவது காட்டும், வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதனால் அவர் கோடு போடாத சக்கரம் வாசலைத் தாண்டாது. இருபத்தெட்டு வருஷமாக மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம். பக்கத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார்.

அந்தக் காதுதான் கேட்காமல் போனது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைச் சமாளித்தார். சக்கரத்தை விரலால் தொட்டு, ஏதோ ஒப்பேற்றினார். அப்படிக் கோடு போட்ட ஒரு சக்கரம், வாங்கியவர்களின் மில்லில் ஓடும்போதே சிதறியது.

"காது தட்டினதுல கீறலா? சான்ஸே இல்ல. ஊத்தினவன்தான் இரும்ப ஆறவிட்டு, தட்டினாலும் தெரியாதபடி கெடுத்திருக்கான்" என்றார் முதலாளி.

ஊற்றியவன் 'காது'க்குத் தங்கை புருஷன். அன்றைக்கே வேலை போனது. "மச்சான், நான் சரியாத்தான் ஊத்தினேன், நீங்களாவது சொல்லுங்க" என்று எதிரில் நின்று கெஞ்சினான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். கோழை, வேறென்ன சொல்ல!

வேறு பட்டறை எதுவும் அவனைச் சேர்க்கவில்லை. மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

உறவுக்காரர்கள் எல்லோரும் போனபிறகு, தங்கையின் சமையலறையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். அவள் நம்பவில்லை.

"சும்மா இருண்ணே. அவரு செஞ்ச தப்பை நீ ஏன் உன் தலையில போட்டுக்குற?"

"எனக்குக் காது கேக்கலம்மா. ரெண்டு வருஷமாச்சு."

அவள் எழுந்து அவருக்குப் பின்னால் போனாள். இவர் ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தார். வெகுநேரமாகியும் ஆளைக் காணோமே என்று திரும்பினார்.

அவள் ஒரு கையில் கரண்டியும், மறு கையில் புருஷன் வார்த்துக் கொடுத்த இரும்புச் சட்டியுமாக நின்றிருந்தாள். இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அவள் உதடுகளைப் படித்தார்.

"எங்கண்ணன் காது பொய் சொல்லாதுன்னு, சாகுற வரைக்கும் நானும் அவரத் திட்டினேனே அண்ணே."